கதவுக்கு வெளியே சப்பாத்து

முதலில் நான் கண்டது ஒரு சோடி ஆம்பிளைச் சப்பாத்து. கறுப்புத் தோல், வடிவாகத் துடைத்து மினுக்கியது. இங்கே நோர்வேயில், ஹவுகன்ஸ்டுவாவில் நாங்கள் வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக் கதவுக்கு வெளியே, நானே வாங்கி வைத்த சப்பாத்துத் தட்டில், அங்கே குடியிருந்தவளுடைய பூட்ஸுக்குப் பக்கத்தில் ஒழுங்காக இருந்தது. சனிக்கிழமை, பகல் பதினொரு மணி. குசினிக் குழாய் ஒழுகுதென்று அவள் சொன்னதால் புது வாஷர் ஒன்றைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போயிருந்தேன். மணியை அடிக்கத் தூக்கின கை அப்படியே நின்றது.

தமையனாக இருக்கலாம். சிநேகிதனாக இருக்கலாம். குழாய் திருத்த ஆளைக் கூப்பிட்டாளோ தெரியாது. ஆனால் எந்தக் குழாய்க்காரன் இப்படி மினுங்குகிற சப்பாத்துப் போட்டுக்கொண்டு வருவான்? உள்ளே ரேடியோ மெல்லப் பாடிக்கொண்டிருந்தது. நான் மணியை அடிக்கவில்லை. லிஃப்டில் யாராவது தெரிந்த முகம் வந்து தொலைக்குமோ என்று படியால் இறங்கி, ரயில் ஏறி, வாஷரோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நான் பயந்தவள். அதை முதலே சொல்லிவிடுகிறேன், பிறகு ஒருவரும் என்னைத் தைரியசாலி என்று நினைத்து ஏமாறக் கூடாது. யாழ்ப்பாணத்தில் சீருடையைக் கண்டு பயந்தேன். இங்கே வந்து முப்பது வருஷமாக, யன்னல் வைத்த கடித உறையைக் கண்டு பயப்படுகிறேன். வரி அலுவலகம் நல்ல செய்தி அனுப்பினாலும் சாமியைக் கும்பிடாமல் அதைப் பிரிக்க மாட்டேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று என் மனிசன் பகிடி பண்ணுவார். பண்ணட்டும். அவருக்கென்ன, ஹோட்டல் குசினியில் அடுப்போடு வேலை. நான் வேலை செய்வது பார்னஹாகேயில், அதுதான் பாலர் பாடசாலையில், சின்னப் பிள்ளைகளோடு. பொலிஸ் சான்றிதழ் இல்லாமல் அந்த வாசலை மிதிக்க ஏலாது. என் பெயர் ஒரு கேஸில், அதுவும் ஆம்பிளையள் வந்துபோகிற வீட்டுக் கேஸில் ஏறினால், அடுத்த நாள் ஒரு பிள்ளையின் மூக்கைத் துடைக்கவும் எனக்கு உரிமை இல்லை என்றுதான் நினைத்தேன்.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் இந்த நாட்டில் முதன்முதல் வாங்கின வீடு அது. நாலாம் மாடியில் இரண்டு அறை. பதினைந்து வருஷம் அங்கேதான் இருந்தோம், மகளும் அங்கேதான் தவழ்ந்தாள். கதவைத் திறந்தால் நேரே எதிரில் ஒரு சுவரலுமாரி. அதைத்தான் சாமி அறையாக்கி வைத்திருந்தோம். வேறு இடமில்லை. விளக்குக்கு முன்னால் சப்பாத்தை எப்படிக் கழற்றி வைப்பது? அதனால் எங்கள் வீட்டில் சப்பாத்து எப்போதும் கதவுக்கு வெளியே, பொது நடைவழியில். நோர்வேக்காரரும் சப்பாத்தோடு வீட்டுக்குள் நடக்க மாட்டார்கள், ஆனால் உள்வாசலில்தான் கழற்றுவார்கள். நடைவழியில் சாமான் வைத்தால் நெருப்புப் பிடிக்கிற நேரம் ஆட்கள் தடுக்கி விழுவார்கள் என்று கட்டட நிர்வாகக் குழு மூன்று முறை எழுதினது. நான் மூன்று முறையும் தட்டை ஒரு சாண் சுவரோடு தள்ளி வைத்தேன், அவ்வளவுதான்.

பிறகு ஹவுகெட்டோவில் வீடு வாங்கிக்கொண்டு வந்தபோது சாமிப் படங்களைக் கொண்டுவந்துவிட்டோம். ஆனாலும் விளக்கு வைத்த இடம் விளக்கு வைத்த இடம்தானே. குடியிருக்க வந்த ஒவ்வொருவருக்கும் கதவுத் திறப்பைக் கொடுக்கும்போதே சொல்வேன்: வாடகை பிந்தினாலும் பரவாயில்லை, சப்பாத்து உள்ளே வரக் கூடாது. நீங்களும் சரி, உங்களிடம் வாறவையும் சரி.

முதலில் இரண்டு தமிழ்ப் பெடியளுக்குக் கொடுத்தோம். என் வீட்டுச் சுவரில் எத்தனை ஆணி என்பது வரைக்கும் கோயிலில் கதை போனது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. "இனி எங்கடை ஆக்கள் வேண்டாம். வேற ஆக்களுக்குக் குடுப்பம், ஒரு கதையும் வராது" என்றார் மனிசன். கதை வராதாம்! எங்கள் பார்னஹாகேயைத் துப்புரவாக்க வருகிற பெண் ஒருத்தி, தனக்குத் தெரிந்தவள் என்று இவளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். தென்னமெரிக்காவில் பிறந்தவள், ஸ்பெயின் பாஸ்போர்ட். துப்புரவு வேலை என்றுதான் சொன்னாள். ஒப்பந்தத்தை மூன்று தரம் வாசித்துவிட்டுக் கையெழுத்து வைத்தாள். சப்பாத்து விஷயத்தைச் சொன்னபோது வெறுமையான சுவரலுமாரியைப் பார்த்து, "இஞ்சை யார் இருந்தவை?" என்று கேட்டாள். எங்கள் சாமி என்றேன். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, "அப்ப வெளியிலைதான்" என்றாள். எனக்கு அவளை அப்போதே பிடித்துப்போனது.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு நான் யாருக்கும் வாய் திறக்கவில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டு பூலோகம் இருண்டது என்றதாம். நானும் மூடிக்கொண்டேன். ஒழுகுகிற குழாய்க்கு மனிசனைக்கூட அனுப்பவில்லை. "வாஷரைப் போஸ்டில் அனுப்பியிருக்கிறன், நீங்களே போடுங்கோ" என்று அவளுக்கு எழுதினேன். உலகத்தில் எந்த வீட்டுக்காரியாவது குழாய் வாஷரைப் போஸ்டில் அனுப்பியிருப்பாளா?

மூன்று கிழமைக்குப் பிறகு யன்னல் உறை வந்தது. நிர்வாகக் குழுவிடமிருந்து. குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே வைத்துவிட்டு இரண்டு நாள் அதைப் பார்த்துக்கொண்டு சமைத்தேன். மூன்றாம் நாள் மகள்தான் பிரித்தாள். என் மகள் இங்கே பிறந்தவள், சட்டம் படிக்கிறாள். வாசிக்க வாசிக்க அவளுடைய முகம் மாறினது.

"அம்மா, அந்த வீட்டு வாசலிலை கன நாளா வேற வேற ஆம்பிளையளின்ரை சப்பாத்து நிக்குதாம். அயலிலை யாரோ ரெண்டு மாசமா ஃபோட்டோ எடுத்து வைச்சிருக்கினமாம். வீட்டை என்னத்துக்குப் பாவிக்கினம் எண்டு சந்தேகமாம். பதினாலு நாளுக்குள்ளை நீங்கள் பதில் குடுக்காட்டி பொலிஸுக்கு அறிவிப்பினமாம்."

மனிசன் துள்ளி எழும்பினார். "சப்பாத்தோ? சப்பாத்தை வைச்சு என்னண்டு சொல்லுவாங்கள்?" பிறகு அவருக்கும் விளங்கினது. கதிரையில் திரும்ப இருந்து, "உம்மடை சப்பாத்துச் சட்டம்!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். "உள்ளுக்குக் கழட்டி வைச்சிருந்தால் ஒரு நாய்க்கும் தெரிஞ்சிராது!"

அது உண்மைதான். அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது. நான் சாமிக்காகப் போட்ட விதியை அவள் ஒரு நாளும் மீறவில்லை. எங்கள் பெடியள் இருந்தபோதுகூட மழைநாளில் களவாக உள்ளே வைப்பார்கள். இவள் மட்டும், தன்னிடம் வந்த ஒவ்வொருவனையும் வாசலில் நிறுத்திக் கழற்ற வைத்திருக்கிறாள்.

மகள் கணினியைத் திறந்து சட்டத்தைத் தேடி எனக்குச் சொல்லித் தந்தாள். இந்த நாட்டில் அந்தத் தொழிலைச் செய்கிறவளுக்குக் குற்றமில்லை. வாங்க வாறவனுக்குக் குற்றம். அதற்கென்று தெரிந்துகொண்டு இடம் கொடுக்கிறவனுக்கும் குற்றம், அவனைத் தரகன் கணக்கில்தான் சேர்ப்பார்கள்.

"இதென்ன கோதாரிச் சட்டம்!" என்றேன். "அவள் செய்யலாம், ஆனால் ஒரு கூரைக்குக் கீழை செய்யக் கூடாதோ? அப்ப அவள் எங்கை போறது, ரயில் பாலத்துக்குக் கீழேயோ?"

"அம்மா, அதை விடுங்கோ. தெரிஞ்சு குடுத்தால்தான் குற்றம். கண்ணை மூடிக்கொண்டு இருந்தாலும் சில நேரம் பிழைதான். நான் கேக்கிறன், வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. உங்களுக்கு முதலே தெரியுமோ?"

அவள் என் மகள். நான் தூக்கி வளர்த்த பிள்ளை. ஆனால் அந்த நேரம் பொலிஸ் கேட்பதுபோலத்தான் எனக்குக் கேட்டது. மினுங்குகிற கறுப்புச் சப்பாத்து கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"எனக்கு ஒண்டும் தெரியாது" என்றேன். கடிதத்தை மடித்துத் திரும்ப உறைக்குள் வைத்தேன்.

அந்தக் கிழமை முழுக்க நான் மனிசியாக இல்லை. பார்னஹாகேயில் தலைவி என்னைக் கூப்பிட்டால் பொலிஸ் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டுதான் போவேன். ஒரு தகப்பன் பிள்ளையைக் கூட்டிப்போக வந்து வாசலில் கறுப்புச் சப்பாத்தைக் கழற்றினான், நான் கையிலிருந்த பால் பெட்டியைக் கீழே போட்டேன். கோயிலில் இரண்டு பெண்கள் குனிந்து கதைத்தால் என்னைத்தான் என்று தோன்றினது. மகளுக்குச் சம்பந்தம் பேசுகிற வயது. "அவையின்ரை வீட்டிலை தொழில் நடந்ததாம்" என்று ஒரு வாய் சொன்னால் போதும், லண்டன் கனடா வரைக்கும் அது போய்விடும். நிர்வாகக் குழுத் தலைவரும் தொலைபேசி எடுத்தார். ஓய்வுபெற்ற மனிதர், குரலில் ஒரு துளி கோபம் இல்லை. "அந்தப் பெண்ணை நாங்கள் குற்றம் சொல்லவில்லை. பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்" என்றார். கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

ஞாயிறு பகல் நான் தனியப் போனேன். மனிசன் வரமாட்டேன் என்றுவிட்டார், ஆம்பிளை ஒருவன் அந்தக் கதவில் நின்றால் இன்னும் ஒரு சோடி சப்பாத்து ஃபோட்டோவில் விழுமாம். அதுவும் நியாயம்தான். தட்டில் அவளுடைய பூட்ஸ் மட்டும் இருந்தது. என்னுடையதைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தேன். பக்கத்து வீட்டுக் கதவுக் கண்ணாடி என்னைப் பார்ப்பதுபோல முதுகு கூசினது.

அவள் கோப்பி ஊற்றினாள். குழாய் ஒழுகவில்லை. வாஷரைத் தானே போட்டுவிட்டாள். சொல்ல வந்ததை நான் வழி முழுக்கப் பாடமாக்கியிருந்தேன். அவள் சொன்ன பதில்களை என் தமிழில்தான் சொல்ல முடியும், இரண்டு பேரும் கதைத்தது உடைந்த நோர்வேஜியம்.

"என்ரை மகளுக்கு வீடு தேவைப்படுது. நீங்கள் வெள்ளிக்கிழமைக்கு முதல் எழும்ப வேணும்."

"உங்கடை மகள் இப்ப எங்கை இருக்கிறா?"

"எங்களோடை."

"ஓ" என்றாள். கோப்பையைக் கீழே வைத்தாள். பிறகு, "கடிதம் வந்ததோ?" என்று கேட்டாள். நான் கோப்பிக்குள் கரண்டியைச் சுற்றினேன், அவளே தொடங்கினாள்: "நான் உங்களுக்கு உண்மையைச் சொல்..."

"சொல்ல வேண்டாம்!" என்று கத்திவிட்டேன். "எனக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ. எனக்குத் தெரியக் கூடாது."

அவளுக்குச் சட்டம் தெரியும். என் மகளைவிட நல்லாகவே தெரியும். தலையை ஆட்டினாள். "சரி. அப்ப என்ரை சிநேகிதி ஒருத்தியைப் பற்றிச் சொல்லுறன். சிநேகிதியைப் பற்றிக் கேக்கலாம்தானே?"

நான் எழும்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லை.

சிநேகிதி முன்பு ஜெர்மனியில் ஒரு குட்டி ஊரில் வேலை செய்தாளாம். சுற்றிவரச் சோளத் தோட்டம், பெற்றோல் செட்டுக்குப் பின்னால் மூன்று மாடி வீடு. சட்டப்படி நடக்கிற வீடு. அனுமதிப் பத்திரத்தைச் சட்டகம் போட்டு வாசலில் மாட்டியிருப்பார்களாம். வருஷத்துக்கு ஒரு தரம் அதிகாரி ஒருத்தர் கோப்போடு வந்து, நெருப்பணைக்கிற போத்தல், அவசர வாசல், கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிற சிவப்புப் பொத்தான் எல்லாம் பார்ப்பாராம். பொத்தானை அமத்தினால் கீழே மணி அடிக்கும், ஆட்கள் ஓடிவருவார்கள்.

"நல்ல இடமோ?" என்று கேட்டேன். எனக்கே வெட்கமாக இருந்தது, ஆனால் கேட்டேன்.

"நல்ல இடமோ? முதலாளி அறை வாடகைக்கு வாய்க்கு வந்ததைக் கேப்பான். சுகமில்லை எண்டாலும் அறைக்குக் குடுக்கத்தான் வேணும். ஆனால் பொத்தான் இருந்தது. சிநேகிதி ரெண்டு தரம் அமத்தினவள். ரெண்டு தரமும் ஆக்கள் வந்தவை." பிறகு அந்த ஊர்ச்சபை, பள்ளிக்கூடம் கிட்ட இருக்குதென்று சொல்லி வீட்டை மூடினதாம். "அந்தப் பள்ளிக்கூடம் அவள் வர முதலே அங்கைதான் இருந்தது. அதுக்குள்ளை படிச்ச ஆம்பிளையள்தான் பிறகு வந்தவையும்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே பயமும் வந்தது, சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்குமோ என்று.

"இஞ்சை சிநேகிதிக்குப் பொத்தான் இல்லை. பொலிஸைக் கூப்பிட்டால் வருவாங்கள். அடுத்த நாள் வீட்டுக்காரருக்குக் கடிதம் போகும், அவள் றோட்டிலை. அதனாலை கூப்பிட மாட்டாள். ஆனால் ஒரு வீட்டுக்காரி நல்ல விதி ஒண்டு போட்டிருந்தா."

அவள் கதவுப் பக்கம் பார்த்தாள்.

"வாறவன் சப்பாத்தை வெளியிலை வைக்க வேணும். மாட்டன் எண்டு முரண்டு பிடிக்கிறவனை அவள் உள்ளுக்கு எடுக்கிறதில்லை. வெளியிலை வைச்சவன் உள்ளுக்குப் பூனை. தன்ரை சப்பாத்தை நாலு பேர் பாத்துக்கொண்டு போகினம் எண்டு அவனுக்குப் பயம். ரெண்டு வருஷமா அவளிலை ஒருத்தனும் கை வைச்சதில்லை. உங்கடை சாமி நல்ல சாமி."

இதை நான் இப்போது எழுதும்போதுதான் அந்தச் சொல் எனக்கு உறைக்கிறது. அப்போது உறைக்கவில்லை. அப்போது எனக்கு ஒன்றுதான் தலைக்குள் ஓடினது: சிநேகிதி என்று சொன்னாலும் நான் கேட்டுவிட்டேன். இனி எனக்குத் தெரியும். இந்த நிமிஷத்திலிருந்து நான் தெரிந்துகொண்டு இடம் கொடுக்கிறவள்.

"மாசக் கடைசி வரைக்கும் விடுங்கோ" என்றாள். "இடம் பாக்கிறதுக்கு மட்டும். ஒருத்தரும் வராயினம். நான் சத்தியம் பண்ணுறன்."

அவள் பொய் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும். இன்னும் பன்னிரண்டு நாள், அவ்வளவுதான். கொடுத்திருக்கலாம்.

"மகளுக்கு அவசரம்" என்றேன்.

வியாழக்கிழமையே போய்விட்டாள். வீட்டைக் கண்ணாடிபோலத் துடைத்து வைத்திருந்தாள். சுவரலுமாரிக்குள் ஒரு தூசி இல்லை. திறப்பு இரண்டும் அதற்குள்தான் இருந்தன, விளக்கு இருந்த இடத்தில். சப்பாத்துத் தட்டைப் பிரித்துக் குப்பையில் போட்டேன். தலைவர் நன்றி சொல்லி எழுதினார். பொலிஸ் வரவில்லை. ஒருவரும் வரவில்லை. மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். கனத்தை இறக்கியாயிற்று, பயம் மட்டும் இறங்கவில்லை. தெரியாத இலக்கத்திலிருந்து தொலைபேசி வந்தால் இப்போதும் நான் எடுப்பதில்லை.

அவள் திரும்ப வந்தது தை மாதத்தில், ஒரு சனிக்கிழமை பின்னேரம். ஒப்பந்தத்தில் எங்கள் ஹவுகெட்டோ முகவரி இருந்தது. அவளுக்கு ஸ்பெயினிலிருந்து ஒரு கடிதம் பழைய வீட்டுக்கு வந்து, நான் எடுத்து வைத்திருந்தேன். வந்து எடுக்கச் சொல்லி எழுதினதும் நான்தான், ஆனால் அன்றைக்கு வருவாளென்று எதிர்பார்க்கவில்லை. ஐந்து மணிக்கு எங்கள் வீட்டில் கோயில் கூட்டம், திருவிழா அலுவல் கதைக்க நாலு குடும்பம் வர இருந்தது. வடை மாவு அரைத்தபடி, கையைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன்.

இடது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டு. கன்னத்தில் ஒரு மஞ்சள் கறை, அடிபட்டு ஆறுகிற இடத்தில் வருகிற மஞ்சள்.

"ஐயோ, என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்டுமில்லை" என்றாள். "என்ரை சிநேகிதிக்கு. லில்லெஸ்ட்ரோமுக்கு அங்காலை ஒரு தனி வீடு எடுத்தவள். சுத்திவர ஆக்கள் இல்லை. வீட்டுக்காரன் ஒண்டும் கேக்க மாட்டான், நல்லவன். சப்பாத்தெல்லாம் உள்ளுக்குத்தான்."

பனி கொட்டிக்கொண்டிருந்தது. உள்வாசல் மேசையிலிருந்த அவளுடைய கடிதத்தை எடுத்துக்கொண்டு, நான் உள்ளே வரச் சொன்னேன். அதைச் சொன்னேன், அதை மறுக்க மாட்டேன். உள்வாசலிலிருந்தே சாமி அறை விளக்குத் தெரிந்தது. அவள் அதைக் கண்டாள். கண்டதும் நல்ல கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து, பூட்ஸின் சிப்பை இழுத்துக் கழற்றி, இரண்டையும் சோடியாக வாசற்படிக்கு வெளியே, பனிக்குள் வைத்தாள். நான் ஒன்றும் சொல்லாமலே. பழைய பழக்கம்.

எதிர்வீட்டில் தமிழ்க் குடும்பம். கூட்டத்துக்கு வர இருந்த நாலில் அதுவும் ஒன்று. அவர்களின் குசினி யன்னலில் வெளிச்சம் எரிந்தது. வாசலில் குதி உயர்ந்த, வெள்ளித் தையல் போட்ட பொம்பிளைப் பூட்ஸ். இது யாருடையது என்று கேட்பார்கள். நான் என்ன சொல்வேன்?

"அதை உள்ளுக்கு எடுத்து வையுங்கோ" என்று என் வாய் சொன்னது. "வெளியிலை வைக்க வேண்டாம். ஆக்கள் வருவினம்."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நல்லம். கன நேரம் ஒருவரைப் பார்த்துவிட்டு ஆள் மாறி வந்துவிட்டேன் என்று விளங்கினால் எப்படிப் பார்ப்போமோ, அப்படிப் பார்த்தாள். பிறகு பூட்ஸை எடுத்தாள். உள்ளே வைக்கவில்லை. படியில் இருந்துகொண்டு திரும்பவும் போடத் தொடங்கினாள்.

ஒற்றைக் கையால் சிப்பை மேலே இழுக்க அவளுக்கு வெகுநேரம் எடுத்தது. ஒரு முறை கால் வழுக்கிச் சிப் பாதியில் சிக்கினது. குனிந்து இழுத்துவிட எனக்கு ஒரு நொடி போதும், பார்னஹாகேயில் ஒரு நாளைக்கு இருபது பிள்ளைகளுக்கு நான் செய்கிற வேலை. நான் அவளுடைய கடிதத்தைக் கையில் பிடித்தபடி எதிர்வீட்டு யன்னலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.